கஞ்சிப் பாட்டு ஒன்பதாக உடைந்த கதை

ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்தொன்று. டெலிபோன் இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவர். ஊரில் யார் வீட்டு ஃபோன் ஊமையானாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அந்தப் பெருமை ஓய்வு பெற்ற பிறகு குறைந்திருக்க வேண்டும். கூடித்தான் போயிருந்தது.

அவருடைய குரு உலகம்மைக்கு வயது நாற்பத்து நான்கு. இருபத்திரண்டு வருடம் பீடி சுற்றியவர். ஒருநாள் பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஊருக்கு வெளியே பாறையடியில் ஒரு கொட்டகை போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார். கொட்டகைக்கு மடம் என்று பெயர் வந்தது. அவருக்கு அம்மை என்று பெயர் வந்தது. இரண்டையும் அவர் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

பதினேழு வயது இளையவரைக் குரு என்று சொல்லிக்கொண்டு திரிவதற்காக ஆவுடையப்பன் வீட்டில் நிறைய ஏச்சு வாங்கினார். அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். அவர் உலகம்மையை அம்மை என்பார். அம்மை அவரை அண்ணாச்சி என்பார்.

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கஞ்சி கிண்டுகிறவர் பாட வேண்டும். குத்தரிசிக் கஞ்சி, கை நின்றால் அடிபிடித்துவிடும். பாட்டு ஓடினால் கை நிற்காது. கஞ்சி கெட்டியாகும் வரை பாட்டு. வாரத்துக்கு ஒரு பெண்ணாக ஒன்பது பெண்கள் முறை வைத்துக் கிண்டினார்கள். அவரவர் பாட்டு, அவரவர் கட்டியது.

ஆவுடையப்பன் தன் ஃபோனைக் கொட்டகைக் காலில் கயிறு போட்டுக் கட்டி, ஒன்பது வாரமும் பதிவு செய்தார். பாட்டுக்கு நடுவே அகப்பை அண்டாவில் இடிக்கிற சத்தமும் சேர்ந்து விழுந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டு லேப்டாப்பில் ஒன்பதையும் ஏற்றினார். ஒவ்வொன்றிலும் ஆல்பத்தின் பெயர் 'கஞ்சிப் பாட்டு' என்று அடித்தார். பாடியவர் என்ற கட்டத்தில் அந்தந்தப் பெண்ணின் பெயரை அடித்தார். பிறகு ஃபோனுக்கு மாற்றினார்.

ஃபோனில் ஒன்பது கஞ்சிப் பாட்டு இருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு பாட்டு. ஒன்று முடிந்தால் அடுத்தது வராமல் வேறு எதுவோ பாடியது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். மறுபடி ஒன்பது. ஃபோனை அணைத்துத் திறந்தார். அப்போதும் ஒன்பது. முப்பத்து நான்கு வருட அனுபவம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மடத்துக்கு வந்தது.

"அம்மை, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி." அம்மை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஆல்பம்னுதான் எழுதினேன். ஃபோனுக்குள்ள போனதும் ஒம்பதா உடைஞ்சு நிக்கு. ஏன் உடையுது?"

"ஃபோன் என்ன சொல்லுது?"

"ஆள் மாறினா ஆல்பமும் மாறிருச்சுன்னு நெனைக்கு. எல்லாத்துலயும் ஒரே ஆள் பேரு இருந்தாத்தான் ஒண்ணுன்னு நம்பும் போல."

"நம்ம ஊர்க்காரன் செஞ்ச ஃபோனா?"

ஆவுடையப்பன் சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

குரு பதில் சொல்லாவிட்டால், பதில் தனக்கே தெரியும் என்றுதான் அர்த்தம் என்பது ஆவுடையப்பனின் கணக்கு. வீட்டுக்குப் போய், பாடியவர் கட்டத்தில் இருந்த ஒன்பது பெயரையும் அழித்தார். ஒன்பதிலும் உலகம்மை என்று அடித்தார். ஃபோனுக்கு மாற்றினார்.

ஒரே ஆல்பம். ஒன்பது பாட்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அதையே பாடிய பெண்களின் ஃபோனிலும் ஏற்றிக் கொடுத்தார். பக்தியோடு செய்த காரியம் என்பதால் அதில் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அம்மன் கோயில் கொடைக்கு அப்போது ஒரு வாரம் இருந்தது. விழாக் கமிட்டித் தலைவர் சங்கரபாண்டியன் வெள்ளிக்கிழமை தவறாமல், பாட்டு முடிந்து கஞ்சி இறக்கிய பிறகு, மடத்துக்கு வருகிறவர். ஆனால் ஒருநாளும் கஞ்சி குடித்ததில்லை. எல்லா வெள்ளியும் அவருக்கு விரதம். யார் கிண்டினார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விரதம் தொடங்கும் என்று சிலர் சொன்னார்கள். அவர் ஆவுடையப்பனின் ஃபோனில் பாட்டைக் கேட்டார். உருகிப் போனார்.

"எல்லாம் அம்மை பாடினதா?"

ஆவுடையப்பன் வாயைத் திறப்பதற்குள் தலைவர் ஃபோனில் இருந்த பெயரைப் படித்துவிட்டார். "ஒரு தொண்டையில ஒம்பது குரலு. இது மனுச காரியமா சார்?"

மூன்றாம் நாள் கோயில் முன்னால் ஃபிளெக்ஸ் கட்டியாயிற்று. 'ஒன்பது குரலில் பாடும் உலகம்மை கொடை விழா மேடையில்.' அதைப் பார்த்ததும் காரியம் கைமீறிப் போனது ஆவுடையப்பனுக்குத் தெரிந்தது. உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபிளெக்ஸின் அடியில், சின்ன வட்டத்துக்குள், அவருடைய படமும் இருந்தது. 'தொகுப்பு: ஆவுடையப்பன், தொலைபேசித் துறை (ஓய்வு).' படம் நன்றாக விழுந்திருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

கொடைக்கு முதல் நாள், திங்கட்கிழமை, பேச்சித்தாய் மடத்துக்கு வந்தார். ஒன்பது பேரில் ஒருவர். பேரூராட்சியில் தெரு கூட்டுகிற வேலை. வேலை முடிந்த கையோடு, பச்சைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கையில் ஃபோன்.

"ஐயா, இதுல நான் எங்கன இருக்கேன்?"

ஆவுடையப்பன் பதமாகச் சொன்னார். "நாலாவது பாட்டு ஒன்னோடதுதான் பேச்சி."

"குரல் இருக்கு. நான் எங்கன இருக்கேன்?"

"அதாவது, பேரு பேரா போட்டா ஃபோன்ல உடைஞ்சு போகுது. ஒரே பேராப் போட்டாத்தான் சேரும்."

"உடைஞ்சா உடைஞ்சிட்டுப் போகுது. ஒங்களுக்கு என்ன?"

பேச்சித்தாய் ஃபோனை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"எம் மவ கோயம்புத்தூர்ல மில்லு ஹாஸ்டல்ல இருக்கா. பாட்ட அனுப்பி, என் பேரு ஃபோன்ல வருது, பாருன்னு சொன்னேன். பாத்துட்டு, 'வேற பேருல்லா இருக்கு, ஏம்மா சும்மா சொல்லுத'ன்னு கேக்கா. கூட இருக்க பிள்ளைக எல்லாம் சிரிச்சுதாம்."

"அம்மை பேருதானே பேச்சி. வேத்து ஆளா?"

"அம்மையா இருந்தா என்ன, அம்மனே இறங்கி வந்தா என்ன? நான் கட்டி, நான் பாடின பாட்டு. அதுல இன்னொருத்தர் பேரு நிக்கக் கூடாது."

உள்ளேயிருந்து அம்மை வந்தார். பேச்சித்தாய் தயங்கவில்லை. அம்மையின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"வர்ற வெள்ளி நான் கிண்ட வரமாட்டேன்."

அம்மை ஃபோனைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஃபிளெக்ஸைப் பற்றி அவர் காதில் விழுந்திருந்தது. ஏதோ கமிட்டிக்காரர்களின் கூத்து என்று இருந்துவிட்டார். ஃபோனை இப்போதுதான் பார்க்கிறார்.

"அண்ணாச்சி, என் பேரு இதுல எத்தன தடவ இருக்கு?"

"ஒம்பது."

"நான் எத்தன பாட்டு பாடினேன்?"

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். பேச்சித்தாயின் காலில் காலை நேரத்துச் சாக்கடைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த நேரத்தில் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

அம்மை ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை வராத பேச்சி. நாளைக்குக் கொடைக்கு வருவேல்லா?"

"என் வேலையே அங்கனதான். வேட்டுக் குப்பை அள்ளணும்."

"வா. இந்தக் கோவத்தையும் கூட்டிட்டு வா. அதுக்குள்ள ஆற விட்டுராத."

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் அம்மையோடு கோயிலுக்கு நடந்தார். லேப்டாப்பைத் தோளில் மாட்டியிருந்தார். விடிந்தது முதல் அதோடு மல்லுக்கட்டி, ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்.

"அம்மை, ரெண்டு கட்டம் இருக்கு. நான் ஒண்ணுதான்னு நெனைச்சுட்டேன். மொதக் கட்டத்துல பாட்டுக்குப் பாட்டு பாடினவங்க பேரைப் போட்டுக்கலாம். அதுக்குக் கீழ ரெண்டாவதா ஒரு கட்டம், மொத்த ஆல்பத்துக்கும் சேத்து. அதுல ஒம்பது பாட்டுக்கும் ஒரே பேரப் போட்டா போதும், உடையாது. அந்த ரெண்டாவது கட்டத்தைத்தான் நான் காலியா விட்டுட்டேன்."

"அப்ப யார் பேரையும் அழிக்க வேண்டியதே இல்ல."

"இல்ல அம்மை."

அம்மை நடந்துகொண்டே இருந்தார்.

"ரெண்டாவது கட்டத்துல ஒங்க பேரப் போட்டுரலாம். கொடை முடியட்டும். அப்புறமா ஒவ்வொருத்தர் ஃபோனா வாங்கி, கமுக்கமா மாத்திருதேன்."

"கமுக்கமாவா?"

"கூட்டத்துல சொன்னா எனக்கு அசிங்கமாயிரும் அம்மை. முப்பத்து நாலு வருசம்..."

"பேச்சி மவளைப் பாத்துச் சிரிச்சது கமுக்கமாவா சிரிச்சுதுங்க?"

ஆவுடையப்பன் லேப்டாப்பை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

மதியக் கொடைக்குக் கூட்டம் நெரித்தது. மேடைக்குப் பக்கத்தில் மைக் செட்டுக்காரரின் மேசை. அதில் லேப்டாப்பை வைத்து, அம்மையின் பாட்டை வேண்டியவர்களுக்கு ஏற்றிக் கொடுப்பதாக ஏற்பாடு. ஃபோனும் கையுமாக ஒரு வரிசை நின்றது. பேச்சித்தாய் பந்தலின் ஓரத்தில் வேட்டுக் காகிதத்தைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "பக்தகோடிகளே, ஃபோன்ல கேட்ட குரலை இப்ப நேர்ல கேக்கப் போறோம். அம்மை நமக்காக ஒரு நாலு வரி பாடணும்."

ஆவுடையப்பன் மேடையை நிமிர்ந்து பார்த்தார். அம்மை மறுத்துவிடுவார் என்று நினைத்தார். அம்மை மேடை ஏறினார். மைக்கை வாங்கினார். பாடினார்.

வாசல் வாசலாக் கூட்டி வந்தேன் - எந்த
வாசலில் என்பேரக் கேட்டாக

இருபத்திரண்டு வருடப் புகையிலைத் தூசி படிந்த தொண்டை. காய்ந்த தென்னை மட்டையைத் தரையில் இழுத்தது போல இருந்தது. சுருதி ஒரு பக்கம் போனது, அம்மை ஒரு பக்கம் போனார். முன்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மைக் செட்டுக்காரர் இரக்கப்பட்டுச் சத்தத்தைக் குறைத்தார். அம்மை விரலைத் தூக்கி, கூட்டு என்று சைகை காட்டினார். சத்தம் கூடியது.

நாலு வரியோடு அம்மை நிறுத்தவில்லை. முழுப் பாட்டையும் பாடினார்.

"அம்மை நம்மளைச் சோதிக்காங்க" என்றார் தலைவர், சிரிக்க முயன்றபடி. ஒரு பக்தர் எழுந்து நின்று, இது பத்தாவது குரல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சோதனையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அம்மை. "இதுதான் என் குரலு. எனக்கு இருக்கது இது ஒண்ணுதான். நீங்க ஃபோன்ல கேட்டதுல ஒண்ணு கூட நான் பாடினது இல்ல. மடத்துல கஞ்சி கிண்டின ஒம்பது பேரு பாடினது. இப்ப நான் கெடுத்துப் பாடினது பேச்சித்தாய் பாட்டு. அந்தா நிக்கா. பேச்சி, மேடைக்கு வா."

பேச்சித்தாய் விளக்குமாற்றோடு நிமிர்ந்தார்.

தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "அம்மை, நான் தப்பாச் சொல்லல. அவ இந்த மேடை ஏறுத வழக்கம் இல்ல. கீழ நின்னே பாடட்டும். மைக்க நீட்டச் சொல்லுதேன்."

அம்மை அவருடைய கையை மைக்கிலிருந்து எடுத்தார். "பேச்சித்தாய் இந்த மேடை ஏறக் கூடாதாம். வழக்கம் இல்லையாம். தலைவர் சொல்லுதாரு."

நான்கு ஒலிபெருக்கியிலும் அது கேட்டது. காதோடு காதாகச் சொல்கிற வரைக்கும் அது வழக்கமாக இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டபோது தலைவருக்கே அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

"கீழ நின்னு நான் பாடமாட்டேன்" என்றார் பேச்சித்தாய். மைக் இல்லாமலே அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

அம்மை மேடையை விட்டு இறங்கினார். பேச்சித்தாயை மேசைக்கு அழைத்து வந்து பக்கத்தில் நின்றார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். பிறகு இன்னொருவர். கஞ்சி கிண்டிய மற்ற எட்டுப் பேரும் வந்து நின்றுவிட்டார்கள்.

ஆவுடையப்பன் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை விசைப்பலகையில் சொட்டியது. ஃபிளெக்ஸில் அவருடைய படம் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. மைக் செட்டுக்காரரிடம் கை நீட்டினார். அவர் ஒரு மைக்கைக் கொடுத்தார்.

"பேரை மாத்தினவன் நான்தான்" என்றார் ஆவுடையப்பன். "அம்மைக்குத் தெரியாது. பாடினவங்க கிட்டயும் கேக்கல. தப்பு என்னோடது. இப்பத் திருத்துதேன். வரிசையில நிக்கவங்க கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க."

முதல் பாட்டைத் திறந்தார். உலகம்மை என்பதை அழித்தார். பாடியவரின் பெயரை, மைக்கில் வாசித்துக்கொண்டே அடித்தார். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதற்கு வந்தபோது, பேச்சித்தாய் என்று வாசிக்கக் குரல் கொஞ்சம் இடறியது. மறுபடி ஒருமுறை சரியாக வாசித்தார். பேச்சித்தாய் தன் ஃபோனைத் தூக்கி, திரையில் அடித்திருந்த பெயரைப் படம் பிடித்தார். யாருக்கு அனுப்ப என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பதும் முடிந்தபோது தலைவர் மேசைக்கு வந்திருந்தார். அவர் தலைவர் என்பதால் வரிசையில் முதல் ஃபோன் அவருடையது. அது ஏற்கெனவே லேப்டாப்போடு சேர்த்துச் செருகியிருந்தது. அவருடைய வீட்டம்மா அந்தப் பாட்டுக்காகக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நான் சொல்லுதத கேளுங்க. அந்த நாலாவது பாட்ட எடுத்துருங்க. எட்டு இருந்தாப் போதும். பிரச்சனை முடிஞ்சுது."

"எடுக்கமாட்டேன்."

ஆவுடையப்பன் தன் வாழ்நாளில் ஒரு கமிட்டித் தலைவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு நாக்கு நன்றாகவே வேலை செய்தது. "ஒம்பதும் ஒரு பேருக்குக் கீழ சேந்துதான் வரும். வேண்டாம்னா ஃபோனை எடுத்துக்கிடுங்க."

தலைவர் ஃபோனைப் பார்த்தார். எடுக்கவில்லை. "சரி. சேத்துப் பிடிக்க ஒரு பேரு வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? கமிட்டி பேரப் போடுங்க."

ஆவுடையப்பன் அம்மையின் பக்கம் திரும்பினார்.

"அம்மை, பாடினவங்க பேரு எல்லாம் போட்டாச்சு. ரெண்டாவது கட்டம் காலியா இருக்கு. அதுல ஒரு பேரு இல்லன்னா மறுபடியும் ஒம்பதா உடையும். ஒங்க பேரப் போடவா?"

"நான் பாடினத ஊரே கேட்டுச்சு. இன்னும் என் பேரா?"

"அப்ப யாரு பேரு?"

அம்மை லேப்டாப்பைப் பார்க்கவில்லை. செருகியிருந்த தலைவரின் ஃபோனைப் பார்த்தார்.

"அந்தப் பேரு ஃபோன்ல எங்கன வரும்?"

"பாடகர் வரிசையில வரும். அது மேல விரல வச்சா, உள்ள ஒம்பது பாட்டும் ஒண்ணாத் திறக்கும்."

"விரல வைக்காம?"

"உள்ள போக முடியாது அம்மை."

அம்மை பேச்சித்தாயின் தோளில் கை வைத்துக்கொண்டு மற்ற எட்டுப் பேரையும் பார்த்தார். அவர்களுக்கு விளங்கிவிட்டது. முதல் பாட்டுப் பாடியவர் தலையசைத்தார். பிறகு மற்ற ஏழு பேரும் அசைத்தார்கள். பேச்சித்தாய் மட்டும் அசைக்கவில்லை. நேராக நின்றார்.

தலைவருக்கும் விளங்கியது. "அம்மை, இது என் வீட்டுக்குப் போற ஃபோனு" என்றார்.

"தெரியும்" என்றார் அம்மை. "அண்ணாச்சி, பேச்சித்தாய்னு போடுங்க. மொதல்ல தலைவர் ஃபோன்லயே ஏத்துங்க. பாட்டு வேணும்னா அவரு தொட்டுக் கேக்கட்டும்."